வால்வு ரேடியோ ஏன் உடனே பாடவில்லை? வீணாகும் சூட்டைக் குறைக்க நடந்த 30 ஆண்டுப் போராட்டம்

பொங்கோல் கோஸ்ட் எம்ஆர்டி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கைத்தொலைபேசியை எடுக்கிறீர்கள். செயலியைத் தட்டுகிறீர்கள். காதில் பாட்டு வந்துவிடுகிறது. இரண்டு விநாடி தாமதமானாலே நமக்குப் பொறுமை போய்விடும்.

உங்கள் தாத்தா பாட்டியிடம் பழைய வால்வு ரேடியோவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "சுவிட்ச்சைப் போட்டா உடனே பாடாதுப்பா, சூடாகணும்" என்பார்கள். அரை நிமிடம் போல மௌனம். உள்ளே மங்கலான ஆரஞ்சு ஒளி. அப்புறம்தான் மெல்லக் குரல் எழும்.

அந்தச் சூடு எதுக்கு? அதற்கான மின்சாரம் எங்கிருந்து வந்தது? அந்தச் செலவை யாரால் தாங்க முடிந்தது? வானொலி யார் வீட்டுக்குள் நுழைந்தது, யார் வீட்டு வாசலோடு நின்றது என்பதும் இந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது.

சுருக்கமாக:

• முதல் வால்வுகள் வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெறும் சூடாக வீணாக்கின.

• வெற்றிடம், இழை, உள்ளமைப்பு ஆகிய மூன்றையும் மேம்படுத்தி அந்த வீணைக் குறைத்தார்கள்.

• ஒவ்வொரு முன்னேற்றமும் மின்கம்பி எட்டாத வீடுகளுக்கு வானொலியை ஒரு படி நெருக்கமாகக் கொண்டுவந்தது.

வால்வு என்றால் என்ன?

பார்ப்பதற்குச் சிறிய மின்விளக்கு மாதிரி இருக்கும். கண்ணாடிக் குடுவை. உள்ளே காற்று இல்லை. நடுவில் சூடாகும் ஓர் இழை. அதைச் சுற்றி ஓர் உலோகத் தகடு.

இழை சூடானால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். தகட்டுக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தால் அவை தகட்டை நோக்கி ஓடும். எதிர்த்திசையில் ஓடாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் தண்ணீர்க் குழாய் அடைப்பானைப் போல. அதனால்தான் "வால்வு" என்ற பெயர்.

1904ஆம் ஆண்டு லண்டனில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இதற்குக் காப்புரிமை கோரினார். அவர் மார்க்கோனி நிறுவனத்தின் ஆலோசகர். வானொலி அலையைக் கண்டறிய அந்த வால்வு உதவியது. ஆனால் ஒலியைப் பெரிதாக்க அதனால் முடியாது.

1906ஆம் ஆண்டு அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அந்த வலையில் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் ஏற்பட்டாலும், தகட்டை நோக்கி ஓடும் மின்னோட்டம் பெரிய அளவில் கூடிக் குறையும். பெரிய குழாயின் கைப்பிடியைச் சிறுவிரலால் திருப்புவதுபோல. அதுதான் பெருக்கம். டி ஃபாரஸ்டின் கண்டுபிடிப்பு "ஆடியான்" என்று அழைக்கப்பட்டது.

முதல் வால்வுகள் ஏன் இவ்வளவு வீணாக்கின?

எலக்ட்ரான் தானாக உலோகத்தை விட்டு வெளியே வராது. உலோகத்தின் மேற்பரப்பை ஒரு வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்ட எலக்ட்ரானுக்குப் போதுமான ஆற்றல் வேண்டும். சூடுதான் அந்த ஆற்றல். இந்தக் கணக்கை வகுத்தவர் ஓவன் ரிச்சர்ட்சன். அதற்காக அவருக்கு 1928ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபெல் பரிசு கிடைத்தது.

டங்ஸ்டன் என்ற உலோகத்துக்கு அந்த வேலி ரொம்ப உயரம். அதைத் தாண்ட வைக்க, இழையை ஏறக்குறைய 2,200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டியிருந்தது. விளக்கு எரிகிற மாதிரியே வால்வும் எரிந்தது. பிரிட்டனில் இவற்றைப் "பிரகாசமாக எரியும் வால்வுகள்" என்றே அழைத்தார்கள்.

அந்தப் பிரகாசம் யாருக்கும் தேவையில்லை. தேவைப்பட்டது எலக்ட்ரான்கள் மட்டுமே. ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால், டங்ஸ்டன் இழையிலிருந்து சில மில்லியாம்பியர் எலக்ட்ரான் ஓட்டம்தான் கிடைத்தது. மற்றதெல்லாம் சூடாகவும் ஒளியாகவும் போயிற்று.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஆடியானுக்குள் காற்று முழுமையாக நீக்கப்படவில்லை. மிச்சமிருந்த வாயு அவசியம் என்றே டி ஃபாரஸ்ட் நம்பினார். அந்த வாயுவால் ஒரு வால்வு போல் இன்னொன்று வேலை செய்யாது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் உள்ளே நீல ஒளி தோன்றும், பெருக்கம் குலைந்துவிடும். இழையும் சீக்கிரம் அறுந்துவிடும். அதனால் பல ஆடியான்களில் இரண்டு இழைகளை வைத்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று!

செலவு எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1920ஆம் ஆண்டு அமெரிக்காவில் யுவி-201 என்ற வால்வு விற்பனைக்கு வந்தது. அதன் இழைக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் தேவை. அதாவது ஒரு வால்வுக்கு 5 வாட்.

ஐந்து வால்வு உள்ள ரேடியோ என்றால் 5 ஆம்பியர். 60 ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள கார் பேட்டரியை இணைத்தால், 12 மணி நேரத்தில் காலி. நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்டால் நாலாவது நாள் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மின்னேற்றம் செய்யும் கடைக்குப் போக வேண்டும். ஈயமும் அமிலமும் நிறைந்த பெட்டி அது. கை வலிக்கும். சிந்தினால் துணி ஓட்டையாகும்.

இதற்கு மேல், தகட்டுக்குத் தனியாக 90 வோல்ட் போல உயர் மின்னழுத்தம் வேண்டும். அதற்கு 1.5 வோல்ட் செல்கள் 60ஐ வரிசையாக இணைத்த உலர் பேட்டரித் தொகுப்பு. அது தீர்ந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான்.

ரேடியோவை ஒருமுறை வாங்கிவிடலாம். ஆனால் அதற்குத் "தீனி" போடுவது வாராவாரம் வரும் செலவு. வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே அது கட்டுப்படியானது.

முதல் மாற்றம்: காற்றை முழுமையாக விரட்டுவது

1912, 1913ஆம் ஆண்டுகளில் இரண்டு ஆய்வுக்கூடங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விடையைக் கண்டன. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இர்விங் லாங்மியூர். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் தரப்பில் ஹெரால்டு ஆர்னால்டு. வாயு உதவவில்லை, அதுதான் தடை என்று இருவரும் காட்டினார்கள்.

காற்றை இன்னும் முழுமையாக வெளியேற்றியதும் வால்வு சொன்னபடி கேட்டது. அதிக மின்னழுத்தம் கொடுக்க முடிந்தது. ஒரே வகை வால்வுகள் ஒரே மாதிரி வேலை செய்தன. 1915ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நியூயார்க்குக்கும் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசிச் சேவை தொடங்கியது. வழியில் தேய்ந்துபோகும் குரலை மீண்டும் பெரிதாக்க அந்த வால்வுகள் உதவின.

ஆனால் குடுவையை மூடிய பிறகும் உலோகத்திலும் கண்ணாடியிலும் ஒட்டியிருந்த வாயு மெல்லக் கசியும். அதைப் பிடிக்க "கெட்டர்" என்ற உத்தி வந்தது. மெக்னீசியம், பிற்பாடு பேரியம் போன்ற உலோகத்தில் ஒரு துளியைக் குடுவைக்குள் வைப்பார்கள். மூடியபின் அதைச் சூடாக்கி ஆவியாக்குவார்கள். அது கண்ணாடியின் உட்புறம் படிந்து, மிச்ச வாயுவை விழுங்கிவிடும்.

பழைய வால்வின் உச்சியில் கண்ணாடி போல் மின்னும் வெள்ளிப் படலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அது அலங்காரம் இல்லை. கெட்டர்தான். அந்தப் படலம் பால் போல் வெளுத்துவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். வால்வின் கதை முடிந்தது.

இரண்டாவது மாற்றம்: இழையின் "தோல்"

வேலியைத் தாண்ட எலக்ட்ரானுக்குச் சூடு வேண்டும். வேலியையே தாழ்த்திவிட்டால்?

ஜெர்மானிய ஆய்வாளர் ஆர்தர் வேனெல்ட் 1904ஆம் ஆண்டு வாக்கிலேயே ஒன்றைக் கவனித்திருந்தார். பேரியம், கால்சியம் போன்றவற்றின் ஆக்சைடைப் பூசிய பிளாட்டினத்திலிருந்து குறைந்த சூட்டிலேயே எலக்ட்ரான்கள் கொட்டுகின்றன. தொலைபேசி நிறுவனத்தின் வால்வுகள் இந்தப் பூச்சைப் பயன்படுத்தின.

லாங்மியூர் வேறொரு வழியில் போனார். மின்விளக்கு இழை எளிதில் உடையாமல் இருக்க டங்ஸ்டனில் சிறிதளவு தோரியம் ஆக்சைடைச் சேர்ப்பது வழக்கம். அப்படிப்பட்ட இழை எதிர்பார்த்ததைவிட அதிக எலக்ட்ரான்களை வெளியிட்டதை 1914ஆம் ஆண்டு அவர் கண்டார். காரணம், இழையின் மேல் ஒரே ஓர் அணு தடிமனில் தோரியம் படர்ந்திருந்தது. அந்த மெல்லிய தோல் போதும், வேலி தாழ்ந்துவிடும்.

மூன்று வகை இழைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்:

• வெறும் டங்ஸ்டன்: ஏறக்குறைய 2,200 டிகிரி செல்சியஸ். ஒரு வாட்டுக்குச் சில மில்லியாம்பியர்.

• தோரியம் சேர்ந்த டங்ஸ்டன்: ஏறக்குறைய 1,700 டிகிரி. ஒரு வாட்டுக்குச் சில பத்து மில்லியாம்பியர்.

• ஆக்சைடு பூச்சு: 700 முதல் 800 டிகிரி வரை. ஒரு வாட்டுக்கு 100 மில்லியாம்பியருக்கும் மேல்.

சூடு குறைந்தால் மிச்சம் ஏன் இவ்வளவு பெரிது? சூடான பொருள் வெளிவிடும் கதிர்வீச்சு, வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். இதைக் கெல்வின் அளவில் கணக்கிட வேண்டும். 2,200 டிகிரி செல்சியஸ் என்றால் ஏறக்குறைய 2,470 கெல்வின். 775 டிகிரி என்றால் ஏறக்குறைய 1,050 கெல்வின். வெப்பநிலை இரண்டரை மடங்குகூடக் குறையவில்லை. ஆனால் ஒரே மாதிரி மேற்பரப்பு என்று வைத்துக்கொண்டால், வீணாகும் கதிர்வீச்சு 30 மடங்கு குறைகிறது. பள்ளியில் படிக்கும் நான்காம் அடுக்குக்கு இப்படியும் ஒரு பயன்!

கடைக்கு வந்த வால்வுகளிலும் இது தெரிந்தது. 1922, 1923ஆம் ஆண்டுகளில் வந்த யுவி-201ஏ, அதே 5 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான் எடுத்தது. 5 வாட் இருந்த இடத்தில் 1.25 வாட். 12 மணி நேரத்தில் காலியான பேட்டரி இப்போது 48 மணி நேரம் தாங்கியது. சிறிய யுவி-199 வால்வுக்கு 3 வோல்ட், 0.06 ஆம்பியர் போதும். அதாவது 0.2 வாட்டுக்கும் குறைவு. அதன் ஆற்றல் சிறியதுதான். ஆனால் கார் பேட்டரியே வேண்டாம், சாதாரண உலர் செல் போதும் என்ற நிலை வந்தது.

இந்த இழைக்கு ஒரு பலவீனம் இருந்தது. தவறுதலாக அதிக மின்னழுத்தம் கொடுத்தால் தோரியத் தோல் உரிந்துவிடும், வால்வு ஊமையாகும். அப்போதும் தூக்கி எறிய வேண்டியதில்லை. குறிப்பிட்ட முறையில் சிறிது நேரம் சூடாக்கினால், உள்ளிருந்து தோரியம் மேலே வந்து மறுபடியும் தோல் படரும். அதற்கென்றே கருவிகள் விற்றன.

மூன்றாவது மாற்றம்: குறைந்த வால்வில் நிறைய வேலை

இழை சிக்கனமாகிவிட்டது. அடுத்த கேள்வி: ஐந்து வால்வு செய்யும் வேலையை மூன்று வால்வால் செய்ய முடியுமா?

தடையாக இருந்தது தகட்டுக்கும் வலைக்கும் நடுவே ஏற்படும் மின்கசிவு. பெரிதான ஒலி தகட்டிலிருந்து வலைக்குத் திரும்பினால், ரேடியோ பாடுவதற்குப் பதில் ஊளையிடும். ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் "கீ" என்று கத்துமே, அந்த மாதிரி.

1920களின் பிற்பாதியில் இரண்டுக்கும் நடுவே இன்னொரு வலையைத் திரை போல வைத்தார்கள். கசிவு அடங்கியது. ஒரே வால்வில் பெருக்கம் பல மடங்கு கூடியது. 1926ஆம் ஆண்டு நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் பெர்னார்ட் டெலகன் மூன்றாவது வலையையும் சேர்த்தார். தகட்டில் மோதித் தெறிக்கும் எலக்ட்ரான்கள் திரைக்கு ஓடாமல் அது தடுத்தது. ஐந்து உறுப்புகள் கொண்ட அந்த "பென்டோடு", ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வாகப் பெரிய வரவேற்பைப் பெற்றது.

1930களில் பேட்டரி ரேடியோக்களுக்கு இன்னோர் உத்தி கிடைத்தது. அதுவரை கடைசிக் கட்ட வால்வு, யாரும் பேசாத நேரத்திலும் முழு மின்சாரத்தையும் குடித்தது. கோட்பாட்டளவில்கூட அதன் உச்சத் திறன் 50 விழுக்காடுதான். புதிய முறையில் இரண்டு வால்வுகள் மாறி மாறி வேலை செய்தன. ஒலி வரும்போது மட்டும் மின்சாரம் எடுத்தன. அதன் கோட்பாட்டு உச்சம் 78.5 விழுக்காடு. விலை உயர்ந்த 90 வோல்ட் பேட்டரி இன்னும் அதிக நாள் ஓடியது.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர்: இங்கே என்ன நடந்தது?

ஆய்வுக்கூடக் கதை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தது. ஆனால் அதன் பலன் நம் பக்கம் வர ரொம்ப நாள் ஆகவில்லை.

கொழும்பில் தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்டு ஹார்ப்பர் 1923ஆம் ஆண்டு சோதனை ஒலிபரப்பைத் தொடங்கினார். பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களை அதற்குப் பயன்படுத்தினார்கள். 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது.

சென்னையில் 1924ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மெட்ராஸ் மாகாண வானொலி மன்றம் அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பு ஆரம்பமானது. அனுப்பும் கருவியின் ஆற்றல் வெறும் 40 வாட். நம் வீட்டு மின்விசிறி அளவு! பணப் பற்றாக்குறையால் 1927ஆம் ஆண்டு மன்றம் நின்றது. கருவி மாநகராட்சிக்குப் போனது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது. ரேடியோ வாங்க முடியாதவர்களுக்காக மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். ஒரு பெட்டி, ஆயிரம் காது.

சிங்கப்பூரிலும் அதே 1924ஆம் ஆண்டுதான் ஆரம்பம். மலாயா பொழுதுபோக்கு வானொலிச் சங்கத்தின் ஆர்வலர்கள் சோதனை ஒலிபரப்பில் இறங்கினார்கள். 1937ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையத்தை ஆளுநர் ஷென்டன் தாமஸ் தொடங்கிவைத்தார்.

இந்த இடத்தில் கதை இரண்டாகப் பிரிகிறது.

நகரில் மின்கம்பி இருந்தது. அந்த வீடுகளுக்காக 1927ஆம் ஆண்டு முதல் வேறு வகை வால்வுகள் வந்தன. இழை நேரடியாக எலக்ட்ரானை வெளியிடாது. அதைச் சுற்றியுள்ள ஆக்சைடு பூசிய குழாயைச் சூடாக்கும், அவ்வளவுதான். மின்கம்பியில் வரும் மாறுமின்னோட்டத்தின் "ம்ம்ம்" என்ற இரைச்சல் இதனால் அடங்கியது. பேட்டரியே தேவைப்படவில்லை. தாத்தாவின் ரேடியோ அரை நிமிடம் யோசித்ததும் இதனால்தான். அந்தக் குழாய் மெல்லத்தான் சூடேறும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வால்வுகள் அதிக மின்சாரம் எடுத்தன. அவற்றில் புகழ்பெற்ற 227 வகைக்கு 2.5 வோல்ட், 1.75 ஆம்பியர். அதாவது 4.4 வாட். மிச்சம் பிடித்ததெல்லாம் திரும்பப் போய்விட்டது! ஆனால் யாரும் கவலைப்படவில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரம், பேட்டரியைவிட மிக மலிவு.

மின்கம்பி இல்லாத வீடுகளில் நிலைமை வேறு. இன்று உயரமான வீவக வீடுகள் நிற்கும் பொங்கோல், அன்று மீனவர் கம்பங்களும் பன்றி, கோழிப் பண்ணைகளும் இருந்த இடம். சிங்கப்பூரின் கிராமப்புறங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பெரிய திட்டம் 1960களில்தான் வேகமெடுத்தது. அதுவரை கம்பத்தில் ரேடியோ என்றால் பேட்டரி. ஒவ்வொரு மில்லியாம்பியருக்கும் அங்கே காசு.

ஆகவே "திறன்" என்பது எல்லாருக்கும் ஒரே கேள்வி இல்லை. வீணாகும் சூட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறியது.

போர்க்காலம்: கேட்பதே குற்றம்

ஜப்பானிய ஆட்சியில் சிற்றலை வானொலி கேட்பதற்குத் தடை. வெளிநாட்டுச் செய்தி கேட்டுப் பிடிபட்டால் கடும் தண்டனை. சாங்கி முகாம்களில் இருந்த கைதிகள் சிலர் ரகசியமாக ரேடியோக்களைக் கட்டி மறைத்து வைத்திருந்தார்கள். மறைத்து வைக்கும் ரேடியோ சிறியதாக இருக்க வேண்டும். கிடைக்கும் கொஞ்ச மின்சாரத்தில் ஓட வேண்டும். 1920ஆம் ஆண்டின் 5 வாட் வால்வை வைத்துக்கொண்டு அதை நினைத்துப் பார்க்க முடியுமா?

1943ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி ஜப்பானிய ராணுவக் காவல்படை சாங்கிச் சிறையைச் சோதனையிட்டது. துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்குச் சிறைக்குள்ளிருந்து ரேடியோ வழியே தகவல் போனதாக அது சந்தேகித்தது. உண்மையில் அந்தத் தாக்குதலுக்கும் கைதிகளுக்கும் தொடர்பில்லை. 57 பேர் பிடித்துச் செல்லப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார்கள். 15 பேர் உயிரிழந்தார்கள். கைதிகளுக்குப் பணம், மருந்து, ரேடியோ பாகங்கள் ஆகியவை கிடைக்க உதவிய எலிசபெத் சோய் தம்பதியும் பிடிபட்டுக் கொடுமைகளை அனுபவித்தார்கள்.

கையளவு கண்ணாடிக் குடுவைக்கு அப்படியும் ஒரு விலை இருந்தது.

வீட்டில் வால்வே இல்லாமல் கேட்க முடியுமா?

முடியும். 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய ரெடிஃபியூஷன் அதைத்தான் செய்தது. கிளமென்சியூ அவென்யூ நிலையத்திலிருந்து ஒலி கம்பி வழியே வரும். வாடிக்கையாளர் வீட்டிலும் காப்பிக்கடையிலும் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி மட்டும் இருக்கும். வால்வுகள் எல்லாம் நிறுவனத்தின் பக்கம். சூடு, மின்சாரம், பழுது எல்லாமே அவர்கள் பாடு. மாதச் சந்தா கட்டினால் போதும்.

இன்று கணினி வேலையைத் தொலைவிலுள்ள தரவு நிலையத்திடம் ஒப்படைக்கிறோமே, அதுவும் ஏறக்குறைய இதே யோசனைதான்.

அனுப்பும் பக்கத்தில் என்ன நடந்தது?

கேட்பவர் வீட்டில் சில வாட் வீணானால், ஒலிபரப்பு நிலையத்தில் கிலோவாட் கணக்கில் வீணானது. 1930களில் பல நிலையங்களின் கடைசிக் கட்டப் பெருக்கியின் திறன் 33 விழுக்காடுதான். 50 கிலோவாட் ஆற்றலை வானில் அனுப்ப 150 கிலோவாட் வாங்க வேண்டும். மீதி 100 கிலோவாட் சூடு. பெரிய வால்வுகளைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்வித்தார்கள்.

1936ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தின் வில்லியம் டோஹர்ட்டி ஒரு வழி சொன்னார். ஒரு வால்வு எப்போதும் வேலை செய்யட்டும். குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் இன்னொன்று வந்து கைகொடுக்கட்டும். திறன் 60 விழுக்காட்டைத் தாண்டியது. அதே 50 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 83 கிலோவாட் போதும்.

இந்த உத்தி பழங்கதை ஆகவில்லை. வால்வு போய்விட்டது, ஆனால் டோஹர்ட்டியின் அமைப்பு இன்றைய 4ஜி, 5ஜி கைத்தொலைபேசி அலைபரப்பித் தளங்களிலும் பரவலாக உள்ளது. உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் பாட்டு, 1936ஆம் ஆண்டின் ஒரு வானொலி யோசனை வழியாக வருகிறது என்று சொன்னாலும் தப்பில்லை.

பிறகு வால்வு ஏன் மறைந்தது?

1947ஆம் ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்கு இழையே கிடையாது. சூடாக்க வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். 1954ஆம் ஆண்டு சட்டைப் பைக்குள் வைக்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் பரவியது. வால்வு முப்பது ஆண்டாகக் குறைத்துக்கொண்டே வந்த செலவை டிரான்சிஸ்டர் அடியோடு நீக்கியது.

வீட்டில் பழைய வால்வு ரேடியோ இருக்கிறதா?

ஆசையாக இருக்கும். ஆனால் நேராக பிளக்கைச் செருகிவிடாதீர்கள்.

• உள்ளே 200 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் இருக்கலாம். அணைத்த பிறகும் சில பாகங்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

• பழைய மின்தேக்கிகள் உலர்ந்து பழுதாகியிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் வெடிக்கவோ புகையவோ கூடும்.

• சில வகைகளில் உள்ளேயுள்ள உலோகச் சட்டமே மின்கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கும். தொட்டால் ஆபத்து.

வால்வு ரேடியோ தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு இயக்குங்கள். அதுவரை, வெள்ளிப் படலம் மின்னுகிறதா வெளுத்துவிட்டதா என்று வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

பொங்கோல் கோஸ்ட் நிலையம் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி திறக்கப்பட்டது. அதை ஒட்டிப் பொங்கோல் மின்னிலக்க வட்டாரமும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழக வளாகமும் இருக்கின்றன. அங்கே படிப்பவர்கள் எழுதும் நிரல்கள் ஓடும் கணினிகளும் மின்சாரத்தைச் சூடாக மாற்றுகின்றன. 2020ஆம் ஆண்டு சிங்கப்பூரின் மொத்த மின்சாரப் பயன்பாட்டில் ஏறக்குறைய 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்குப் போனது. புதிய தரவு நிலையங்களை 2019ஆம் ஆண்டு நிறுத்திவைத்த அரசாங்கம், 2022ஆம் ஆண்டு திறன் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது.

நூறு ஆண்டுக்கு முன்பு கேட்ட அதே கேள்விதான். கொடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வேலையாகிறது, எவ்வளவு சூடாகிறது?

வால்வின் கதை ஓர் எச்சரிக்கையும் தருகிறது. சிக்கனமாகச் செய்யத் தெரிந்தாலே மொத்தச் செலவு குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. மின்சாரம் மலிவாகக் கிடைத்த நகர வீடுகளில் வால்வு மறுபடியும் தாராளமாகக் குடித்தது. பேட்டரிக்குக் காசு எண்ணிய வீடுகள்தான் ஒவ்வொரு முன்னேற்றத்தையும் முழுதாக உணர்ந்தன.

அடுத்த முறை செயலியைத் தட்டியதும் பாட்டு வரும்போது, அந்த அரை நிமிட மௌனத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதற்குப் பின்னால் வீணான சூட்டைக் குறைக்கத்தான் ஒரு தலைமுறை முழுக்க உழைத்தது.